12 நிமிடப் படத்துக்கு எவ்வளவு கூலி?

சென்ற கார்த்திகை மழையில் எங்கள் பகுதிக் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி இறந்துபோனார். தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு முக்கால் கிலோமீட்டர். பாதை காகிதத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. இடுப்பளவு தண்ணீர் நின்ற நெல் வயலுக்குள் இறங்கி, பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருப் பையன்கள் இருவர் அதைச் செல்பேசியில் எடுத்தார்கள். மறுநாள் நாங்கள் ஒரு வாடகைக் கேமராவோடு போனோம். நான்கு நாட்கள் தங்கிப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் பேட்டி எடுத்தோம். எல்லாம் சேர்ந்து 11 மணி நேரப் பதிவு.

11 மணி நேரப் பதிவை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வரிசையில் நின்றால் ஆட்சியர் முன்னால் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். பக்கத்துக் கிராமத்தில் திரை கட்டிப் போட்டாலும், வேலை முடிந்து வந்த சனம் கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராது. ஆகவே 12 நிமிடத்துக்குள் கொண்டுவருவது என்று முடிவானது. யார் எடிட் செய்வது, எவ்வளவு கேட்பார்கள் என்ற பேச்சு அதன் பிறகுதான் வந்தது. எடுப்பதற்கு முன்னாலேயே அதைப் பேசியிருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை.

விசாரித்தோம். சென்னையில் ஒருவர், முடிந்த படத்துக்கு நிமிடம் 2,500 ரூபாய் என்றார். 12 நிமிடத்துக்கு 30,000. ஆங்கில சப்டைட்டில் தனி. இரண்டு முறைக்கு மேல் திருத்தம் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் 1,500. அவர் கேட்டது அநியாயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்து நகரத்தில் கல்யாண வீடியோ செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் மொத்தமாக 12,000 என்றார்கள். பதிவைப் பார்த்த பிறகு, “முகூர்த்த மாசம் சார், கை நிறைய வேலை இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தையும் அதே ஸ்டுடியோதான் எடுத்தது என்பது பிறகு தெரிந்தது.

கடைசியில் நம்ம பையன் ஒருவரைப் பிடித்தோம். வயது 24. அவர் வீட்டில் முதல் பட்டதாரி. விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராக வேலை. பகலெல்லாம் ஊர்க்காரர்களின் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கும்பாபிஷேக வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறார். இரவில் வீட்டுக்கு வந்தால், ஓர் அறை வீட்டின் மூலையில் பழைய கணினி ஒன்று. 42,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கியது.

“நம்ம பையன்தானே, செஞ்சு குடுத்துருவான்” என்றார் எங்கள் தோழர் ஒருவர். எவ்வளவு வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வேலை என்ன என்று அப்போது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. செல்பேசியில் இரண்டு துண்டை ஒட்டி, மேலே ஒரு பாட்டைப் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பதைத்தான் எடிட்டிங் என்று நினைத்திருந்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். இதைப் படிக்கும் கல்லூரித் தம்பி, தங்கைகளில் சிலராவது நாளை இந்த இடத்தில் உட்காரப் போகிறவர்கள்.

11 மணி நேரப் பதிவை ஒரு முறை பார்க்கவே 11 மணி நேரம் ஆகும். ஓட்டி ஓட்டிப் பார்த்தால் வேலை கெட்டுவிடும். பார்க்கும்போதே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தக் கோப்பு, எத்தனையாவது நிமிடம், யார், என்ன சொல்கிறார். பிறகுதான் வெட்டு. வெட்டியதை வரிசைப்படுத்திப் பார்த்து, கலைத்து, மறுபடி அடுக்க வேண்டும். சத்தம் தனி வேலை. எங்கள் பதிவில் பாதி, காற்று மைக்கில் அடித்த இரைச்சல். ஒரு பேட்டியின் பின்னணியில் கோயில் ஒலிபெருக்கி. அதைக் குறைத்துக் குரலை மேலே கொண்டுவர மட்டும் இரண்டு இரவு போனது.

அப்புறம் முகங்கள். ஓர் இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பேசுகிறார்கள். இன்னோர் இடத்தில் ஒரு பெண், வயல்காரரின் ஆட்கள் தன்னை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று சொல்கிறார். சொல்லி முடித்தபின், “என் மூஞ்சி வேணாம், நாளைக்கு அந்த வயலுக்குத்தான் களையெடுக்கப் போவணும்” என்றார். நடந்துகொண்டே பேசும் ஒருவரின் முகத்தை மறைப்பது லேசல்ல. தலை திரும்பும்போது மறைப்பு விலகிவிட்டால் முகம் தெரிந்துபோகும். வினாடிக்கு 25 படம். விலகும் இடத்திலெல்லாம் நிறுத்தி, கையால் சரிசெய்ய வேண்டும். அந்த அம்மா பேசியது 50 வினாடி. ஒரு வினாடியில் ஒரே ஒரு படத்தில் முகம் தெரிந்தாலும் அவருடைய கூலி வேலை போய்விடும். இந்த வேலையைக் கவனமில்லாதவரிடம் கொடுக்க முடியாது.

பதிவைச் சேமித்து வைப்பதும் செலவுதான். வாடகைக் கேமராவின் பதிவு ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபி அளவில் வந்தது. செல்பேசியில் எடுத்தது 8 ஜிபி. மொத்தம் சுமார் 150 ஜிபி. அதை ஒரே இடத்தில் வைத்திருந்தால், ஒரு நாள் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டால் நான்கு நாள் உழைப்பும் போச்சு. இரண்டு பிரதி வேண்டும். தம்பி தன் காசில் 4,500 ரூபாய்க்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கியிருக்கிறார். அது எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

திருத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்கத்தோடுதான் சொல்கிறோம். முதல் பிரதியை எங்கள் குழுவில் ஏழு பேர் பார்த்தோம். ஏழு பேருக்கும் ஏழு கருத்து. பாட்டியின் மகன் பேசுவது நீளமாக இருக்கிறது, குறைக்கலாம் என்றார் ஒருவர். தலைமையிலிருந்து வந்த தோழரின் பேச்சு நான்கு நிமிடம், அதில் ஒரு வரியும் வெட்டக் கூடாது என்றார் இன்னொருவர். தனது முகம் மூன்றே வினாடி வருகிறது என்று ஒருவருக்கு வருத்தம். பின்னணியில் பிரபலமான சினிமாப் பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். யூடியூபில் ஏற்றிய அன்றே உரிமைக்காரரிடமிருந்து ஆட்சேபம் வந்தது. எடுத்துவிட்டு, தெருவிலிருந்த மூன்று பறைக் கலைஞர்களை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். ஆறு முறை மாற்றச் சொன்னோம். எங்களுக்கு அது வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அவருக்கு ஒவ்வொன்றும் ஓர் இரவு.

பறையடித்த மூவருக்கும் தலைக்கு 500 ரூபாய் கொடுத்தோம். பறைக் கலைஞரைக் கூலியில்லாமல் அழைக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பில் பல ஆண்டுகளுக்கு முன்பே போட்ட தீர்மானம். எடிட்டரைப் பற்றி எந்தத் தீர்மானத்திலும் ஒரு வரி இல்லை.

அந்தத் தம்பி செய்த இன்னொரு வேலையை நாங்கள் மறக்க முடியாது. ஒரு தாத்தாவின் பேட்டி ஒன்றே கால் மணி நேரம். மழை, விளைச்சல், அந்தக் காலத்துப் பஞ்சம் என்று எங்கெங்கோ போகும். எடுத்த நாங்களே அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தம்பியிடமிருந்து போன். “அண்ணா, தாத்தா ஒரு எடத்துல ‘கல்லு மூங்கில் புதர் அடியில கெடக்கு’ன்றாரு. அது எந்தக் கல்லுன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. காலையில் ஓடினோம். ஓடைக்கரை மூங்கில் புதரை விலக்கினால் நில அளவைக் கல். அதை அடையாளமாகக் காட்டி, புலப்பட நகலோடு அளவை மனு கொடுத்தோம். சர்வேயர் வந்தார். பாதைப் புறம்போக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து காட்டினார். பாடை மிதந்து போன அந்த வயலின் வரப்புக்கு உள்ளேதான் பாதை இருந்தது. முன்பு இரண்டு முறை மனு கொடுத்தும், “எல்லை தெரியவில்லை” என்று திரும்பி வந்த விஷயம் இது.

11 மணி நேரத்தையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட ஒருவர் இருந்ததால் கிடைத்த கல் அது. ஒட்டுவதும் வெட்டுவதும் பாதி வேலைதான். மீதிப் பாதி, கேட்பது.

படம் முடிந்து, தெருவில் திரை கட்டிப் போட்டோம். தம்பியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளப்பா என்று 500 ரூபாய் கையில் திணித்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். எங்களுக்கு மனசு நிறைவாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஹார்டு டிஸ்கை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனோம். தம்பி வேலைக்குப் போயிருந்தார். அவர் அம்மா மோர் கொடுத்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தப்பா நெனைக்காத தம்பி. புள்ள ராவெல்லாம் கண்ணு முழிச்சானே, அதுக்கு ஏதாச்சும் குடுப்பாங்களா?”

நாங்கள் இருவர் போயிருந்தோம். இருவரும் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவரே தொடர்ந்தார். “கேக்கக் கூடாதுன்னு புள்ள சொல்லியிருக்கான். நம்ம சனத்து வேலைன்றான். அவங்க அப்பாவும் அப்பிடித்தான். ஊர்ல சாவுன்னா ராத்திரி பகல்னு பாக்காம மேளத்தத் தூக்கிட்டு ஓடுவாரு. குடுத்தத வாங்கிட்டு வருவாரு. இவ்ளோன்னு கேட்டதில்ல. கேக்கவும் முடியாது.”

வரும் வழியில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த அம்மா இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியது சரியா என்று எங்கள் கூட்டத்தில் பிறகு விவாதம் நடந்தது. ஊர் கட்டாயப்படுத்தியது வேறு, இயக்கத்துக்கு ஒருவர் மனமுவந்து செய்வது வேறு என்று ஒரு தோழர் வாதிட்டார். வாதம் சரிதான். நாங்களும் சம்பளம் வாங்கிக்கொண்டு இயக்கத்துக்கு வரவில்லை. ஆனால் எங்களில் பலர் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வூதியம் உள்ளவர்கள். மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழும். அவருக்கு அந்த மாதத் தவணைக்கு ஸ்டுடியோ சம்பளம் போதவில்லை. தூக்கக் கலக்கத்தில் இரண்டு நாள் வேலைக்கும் போகவில்லை. மனமுவந்து செய்தார் என்று நாம் சொல்லலாம். ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு நாம் இடம் வைத்திருந்தோமா?

கணக்கும் போட்டுப் பார்த்தோம். தம்பி தன் நோட்டில் நேரம் குறித்து வைத்திருந்தார். 16 இரவு, இரவுக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 96 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாக வைத்தால் 12 நாள். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அவர் அம்மா மண் சுமக்கும் கூலிக் கணக்குப்படி பார்த்தாலே 4,032 ரூபாய் வருகிறது. ஸ்டுடியோ அவருக்குத் தரும் மாதம் 15,000-ஐ, நாளுக்குப் பத்து மணி நேரம், 26 நாள் என்று வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் சொச்சம். 96 மணிக்கு ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். இரவு வேலை, கணினித் தேய்மானம், மின்சாரம், ஹார்டு டிஸ்க் எதையும் இதில் சேர்க்கவில்லை. நாம் கொடுத்தது 500 ரூபாயும் ஒரு பொன்னாடையும்.

நம் வரலாற்றில் இந்தக் கைகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அதற்கும் முன்பு, 1893-ல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இரண்டையும் மேடைக்கு மேடை சொல்கிறோம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் யார் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. இன்று ஈய எழுத்துக்குப் பதில் டைம்லைன் வந்திருக்கிறது.

ஆவணப்படங்களின் காலமும் சிறியதல்ல. மும்பை ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து தொடங்கிய ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ முடிந்தது 2011-ல். 14 ஆண்டுப் பதிவை மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவந்த வேலை அது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017-ல் வந்தபோது, திரையிடலுக்கே தடை போட்டார்கள். ஒரு படம் அதிகாரத்தை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்றால், அதைக் கோத்துக் கொடுக்கும் வேலையும் சும்மா கிடைப்பதாக இருக்க முடியாது.

நம் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். எடிட் செய்த படம் திரையிடவும் இணையத்தில் போடவும்தான். வழக்கு என்று வந்தால், வெட்டாத மூலப் பதிவுதான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் பதிவில் பிறகு யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை நாம் பார்த்தோம். ஆகவே மெமரி கார்டை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். எடிட்டருக்கு அனுப்புவதானால் டாகுமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் முகமும் பெயரும் வெளியே தெரிந்தால் அதுவே தனிக் குற்றம். எடிட்டர் தவறவிட்டால் மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, படத்தை வெளியிட்ட நாமும்தான்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு: ‘டாவின்சி ரிசால்வ்’ போன்ற மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசம். காசு கேட்பது கணினிதான். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கென்று தமிழ்நாடு அரசு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். முதல் முறை போனால் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் போங்கள்.

நாங்கள் இப்போது செய்வதையும் சொல்கிறோம். படம் எடுக்கப் போவதற்கு முன்பே எடிட்டிங்குக்கு என்று தனியாக நிதி திரட்டுகிறோம். ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்: எத்தனை மணி நேரப் பதிவு, எத்தனை நிமிடப் படம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை. பாதி முன்பணம். ஹார்டு டிஸ்க் எங்கள் செலவு. திருத்தம் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம். ஏழு பேரும் அவரிடம் சண்டை போட்டுக்கொள்ளட்டும். மூன்று முறைக்கு மேல் போனால் தனிக் கூலி. இந்த விதி வந்த பிறகு, தனது முகம் மூன்று வினாடிதான் வருகிறது என்று யாரும் சொல்வதில்லை.

படத்தின் முடிவில் எடிட்டர் பெயரைப் போடலாமா என்று அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். முதல் படத்தில் பெருமையோடு பெரிய எழுத்தில் போட்டோம். ஸ்டுடியோ முதலாளி பார்த்துவிட்டு, “இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றாராம். வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் கும்பாபிஷேக வீடியோ எதுவும் தம்பிக்கு வரவில்லை. இரண்டாவது படத்தில் அவர் பெயர் இல்லை. மூன்றாவது படத்தில், “போடுங்கண்ணா, பாத்துக்கலாம்” என்றார்.

முதல் படத்துக்கான பாக்கியை மூன்று தவணையில் கொடுத்தோம். முதலில் அவர் வாங்க மறுத்தார். அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்றாவது படத்துக்கு 8,000 ரூபாய் பேசி, 6,000 கொடுத்திருக்கிறோம். மீதி 2,000 இந்த மாதச் சந்தாவிலிருந்து கொடுக்க வேண்டும். சந்தா வரவு இன்னும் ஆயிரத்து நூறிலேயே நிற்கிறது.

சுடுகாட்டுப் பாதையை அளந்து கல் நட்டுவிட்டார்கள். மண் இன்னும் கொட்டவில்லை. போன வாரம் தம்பி எங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: “அண்ணா, மழைக்கு முன்னாடி அந்தக் கல்லு எல்லாத்தையும் ஒருதடவ எடுத்து வச்சிருங்க. யாராச்சும் புடுங்கிட்டா காட்டறதுக்கு வேணும். எடுத்ததைச் சுருக்காம அனுப்புங்க.”